எதை அடிக்கிறோம் என்று பார்த்துச் சுத்தியலை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மயிலாடுதுறையில் வசிக்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக 32 ஆண்டுகள் வேலை பார்த்து 2012இல் ஓய்வு பெற்றவன். உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன் என்றாலும் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் எங்கள் தெருவில் பார்த்த ஒரு காட்சி என்னை எழுத வைத்துவிட்டது.

மாடி எடுக்கும் வீடு ஒன்றில் சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், பலகையில் புதைந்துபோயிருந்த ஓர் ஆணியைப் பிடுங்கப் பார்த்தான். ஆணி பிடுங்கும் சுத்தியலின் கொம்பை ஆணித் தலைக்கு அடியில் கொடுத்தான். கொம்பு உள்ளே ஏறவில்லை. பக்கத்தில் கிடந்த இன்னொரு சுத்தியலை எடுத்து, முதல் சுத்தியலின் முகத்தில் ஓங்கி ஓங்கி அடித்தான். இரும்பில் இரும்பு மோதும் அந்தக் கணீர் சத்தம் காதில் விழுந்ததும் நான் வாசல்படியிலிருந்தே கத்திவிட்டேன்.

"நிறுத்துப்பா தம்பி, நிறுத்து!"

"என்ன தாத்தா, சத்தம் ரொம்ப இருக்கா?" என்று கேட்டான் பையன். மரியாதையான பிள்ளை. உள்ளேயிருந்து மேஸ்திரி வந்தார். "எப்பவும் இப்படித்தான் சார் புடுங்குறோம். ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஆகும். என் தம்பிக்கு ஆயிற்று.

1978ஆம் வருடம். அவனுக்கு அப்போது 19 வயது. ஒரு பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இறுகிப்போன ஓர் இரும்புத் துண்டைக் கிளப்புவதற்காக அதன் அடியில் ஒரு சுத்தியலைக் கொடுத்து, இன்னொரு சுத்தியலால் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது அடியில் சுத்தியல் முகத்தின் விளிம்பிலிருந்து ஒரு சில்லு தெறித்துக் கண்ணில் பட்டது. நொய்யரிசியை விடச் சிறியது. வலி பெரிதாக இல்லையாம். தூசி விழுந்த மாதிரிதான் இருந்தது என்றான். தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மாலை வரை வேலையும் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் விளக்கைப் பார்த்து, "சுத்தி ஒரே புகையா இருக்குண்ணே" என்றபோது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சில்லு கருவிழியைத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பார்வை திரும்பவில்லை.

போன வருடம் முதுகுவலிக்காக அவனுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். மேசையில் படுக்கவைப்பதற்கு முன்னால் அங்கிருந்த பெண் கேட்டாள்: "ஐயா, இரும்பு வேலை பார்த்திருக்கீங்களா? கண்ணுல எப்பவாவது துகள் பட்டிருக்கா?" உள்ளே இரும்பு மிச்சமிருந்தால் அந்தக் கருவியின் காந்தம் அதை நகர்த்திவிடும் என்பதால் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. இவன் நடந்ததைச் சொன்னான். முதலில் கண்ணை வேறு படம் எடுத்துப் பார்த்து, எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பிறகுதான் உள்ளே விட்டார்கள். என்றோ விழுந்த அடி இன்றைக்கும் அவனிடம் கேள்வி கேட்கிறது.

ஏன் சில்லு தெறிக்கிறது என்பதை நான் ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்தேன். சுத்தியலின் அடிக்கும் முகத்தைக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, கெட்டிப்படுத்தியிருப்பார்கள். பிடி நுழையும் நடுப்பகுதி மென்மையாகத்தான் இருக்கும். சாதாரண ஆணி இந்த முகத்தை விட மென்மையான இரும்பு. அடி விழுந்தால் ஆணிதான் விட்டுக்கொடுக்கும். தேவைப்பட்டால் வளையும். இரும்பு வெட்டும் உளியிலும் வெட்டும் முனையைத்தான் கெட்டிப்படுத்துவார்கள். அடிவாங்கும் தலையை வேண்டுமென்றே மென்மையாக விட்டுவைப்பார்கள். அதனால்தான் நாளடைவில் உளியின் தலை காளான் மாதிரி விரிகிறது. (அப்படி விரிந்த விளிம்பும் ஒருநாள் தெறிக்கும். அவ்வப்போது சாணைபிடித்து எடுத்துவிட வேண்டும்.) ஒரு சுத்தியல் இன்னொரு சுத்தியலை அடிக்கும்போது இரண்டு முகமும் கெட்டி. விட்டுக்கொடுக்க யாரும் இல்லை. எந்த அடியிலும் சில்லு உடைந்து தெறிக்கலாம்.

ஆணி பிடுங்கும் சுத்தியல் சாதாரண ஆணிக்காகவே செய்யப்பட்டது. அதை வைத்துச் சுவர் கொத்துகிறார்கள், உளி அடிக்கிறார்கள், கான்கிரீட் ஆணி அடிக்கிறார்கள். கான்கிரீட் ஆணி கெட்டிப்படுத்திய எஃகு, வளையாது, உடைந்து பறக்கும். ஒயரிங் வேலைக்குச் சுவரில் காடி எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கிலோ எடையில் குட்டைப் பிடி போட்ட கனத்த சுத்தியல் வேண்டும். அதோடு கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். நான் பார்க்கிற பாதிப் பேர் இரண்டும் இல்லாமல்தான் வேலை செய்கிறார்கள்.

எங்கள் அப்பா மரவேலைக்காரர். கதவு, நிலை, கட்டில், வண்டி என்று கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே உள்ள ஊர்களில் அவர் கை படாத வீடு குறைவு. ஆயுத பூசை அன்று கருவிகளைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திண்ணையில் வரிசையாக அடுக்குவார். அடிக்கிற கருவிகள் மட்டுமே ஆறு இருக்கும். முதல் இடம் கொட்டாப்புளிக்குத்தான். புளிய மரத்து வைரத்தில் அவரே கடைந்து எடுத்தது. பிடியும் தலையும் ஒரே கட்டை. உளியைத் தட்ட அதை மட்டுமே எடுப்பார்.

சின்ன வயதில் ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் இரும்புச் சுத்தியலால் உளியைத் தட்டி, பொந்து போட்டுப் பழகினேன். பத்து அடிக்குள் உளிப்பிடியின் தலை பிளந்துவிட்டது. அவர் வந்து பார்த்தார், திட்டவில்லை. இரண்டையும் என் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒரு வேண்டாத கட்டையில் அடிக்கச் சொன்னார். இரும்பால் தட்டியபோது கையில் சுரீரென்று ஏறியது. கொட்டாப்புளியால் தட்டியபோது தொம் என்ற சத்தத்தோடு உளி மரத்துக்குள் சாவகாசமாக இறங்கியது. பின்னாளில் வகுப்பில் பாடம் நடத்தும்போதுதான் அதன் காரணத்தை என்னால் சரியாகச் சொல்ல முடிந்தது. மரமும் ரப்பரும் அடியின்போது கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கின்றன. அதனால் அடி உளியின் மேல் கூடுதல் நேரம் தங்கித் தள்ளுகிறது, ஒரே கணத்தில் குத்துவதில்லை. உளியும் பிழைக்கும், அதைப் பிடித்த கையும் பிழைக்கும். தலையில் இரும்புப் பூண் போட்ட உளியாக இருந்தால் சுத்தியலால் தட்டலாம், பூண் அதற்காகவே போட்டது. பூண் இல்லாத பிடிக்கு மரம்தான்.

வரிசையில் அடுத்து நூறு கிராம் இருக்கும் ஒரு சின்னச் சுத்தியல். ஒரு பக்கம் வட்ட முகம், மறுபக்கம் குறுக்காகத் தட்டையான மூக்கு. முக்கால் இஞ்சு ஆணியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நிறுத்தும்போது வட்ட முகம் விரலைத்தான் அடிக்கும். மெல்லிய மூக்கு இரண்டு விரலுக்கு நடுவே புகுந்து ஆணியை மட்டும் தட்டும். ஆணி நின்றதும் சுத்தியலைத் திருப்பி முகத்தால் அடித்து முடிக்கலாம். கண்ணாடி பதித்த அலமாரிக் கதவில் ரீப்பர் அடிக்க இதை விட நல்ல கருவி கிடையாது. இந்த மூக்கு எதற்கு என்று கேட்டால் இன்று கருவிக் கடைக்காரர்களிலேயே பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

ஃபிட்டர் வேலையில் நாங்கள் அன்றாடம் எடுப்பது பால் பீன் சுத்தியல். ஒரு பக்கம் தட்டை முகம், மறுபக்கம் உருண்டை. தட்டை முகம் என்றாலும் உற்றுப் பார்த்தால் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். அடி ஒரு மயிரிழை சாய்ந்து விழுந்தாலும் விளிம்பு வேலையைக் குத்திவிடாமல் இருக்கத்தான் அப்படி. உருண்டைப் பக்கம் ரிவெட்டின் தலையைச் சுற்றிலும் தட்டிக் குமிழாக்குவதற்கு. 125 கிராமிலிருந்து ஒன்றரை கிலோ வரை எடைகள் உண்டு. தகட்டில் பஞ்ச் வைத்துக் குறியிட 250 கிராம் போதும். புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் முதலில் அரைக் கிலோவைத்தான் எடுப்பார்கள். கனம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்ற எண்ணம். அடியின் பலம் எடையைப் பொறுத்து ஒரு பங்கு கூடினால், வேகத்தைப் பொறுத்து அதன் வர்க்கமாகக் கூடுகிறது. தாங்க முடியாத சுத்தியலைத் தூக்குகிறவனின் வேகம் போய்விடும், குறியும் போய்விடும். பத்து நிமிடம் தொடர்ந்து அடித்துப் பாருங்கள். கை நடுங்காமல் எந்த எடை நிற்கிறதோ, அதுதான் உங்கள் சுத்தியல். கொல்லுப்பட்டறையில் சம்மட்டி வேறு விஷயம். பழைய தமிழில் அதற்குக் 'கூடம்' என்று பெயர். காய்ச்சிய இரும்பின் உள்வரைக்கும் அடி போய்ச் சேர வேண்டும், அதற்குக் கனம் தேவை. அங்கேயும் பட்டறைக்காரர் கையில் சின்னச் சுத்தியல்தான் இருக்கும். அவர் தட்டிக் காட்டும் இடத்தில் எதிரே நிற்பவர் சம்மட்டியை இறக்குவார்.

எங்கள் பகுதி விவசாயிகளுக்காக ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பம்ப்செட் மோட்டாருக்குப் பேரிங் மாற்றுகிறார்கள். புதுப் பேரிங்கை ஷாஃப்டின் மேல் வைத்து, வெளி வளையத்தின் மேல் சுத்தியலாலேயே சுற்றிச் சுற்றித் தட்டி ஏற்றுகிறார்கள். ஷாஃப்டை இறுகப் பிடிப்பது உள் வளையம். வெளி வளையத்தில் தட்டினால் அந்த அடி முழுவதும் நடுவில் உள்ள குண்டுகள் வழியாகத்தான் உள் வளையத்துக்குப் போகும். குண்டுகள் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். மோட்டார் ஓடும், ஆனால் நாளாக ஆக ஊளையிட ஆரம்பிக்கும். "பேரிங் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். பேரிங் நல்லதுதான், ஏற்றிய விதம் தப்பு. உள் வளையத்தின் அளவுக்குச் சரியாக ஒரு குழாய்த் துண்டை எடுத்து, அதை உள் வளையத்தின் மேல் நேராக நிறுத்தி, குழாயின் தலையில் தட்ட வேண்டும். ஷாஃப்டின் முனையையே தட்ட வேண்டி வந்தால் பித்தளை, செம்பு அல்லது நைலான் முகம் கொண்ட சுத்தியல் வேண்டும். அது இல்லாவிட்டால் நடுவில் ஒரு கெட்டி மரத்துண்டு. இரும்பால் நேரே அடித்தால் முனை விரியும், பிறகு புல்லி ஏறாது, கடைசலுக்குத்தான் தூக்கிப்போக வேண்டும். நாற்று விட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கிற நேரத்தில் மோட்டார் நின்றால் என்ன கஷ்டம் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டைல்ஸ் பதிக்கிறவர்களிடம் ரப்பர் சுத்தியல் இருக்கிறது, சந்தோஷம். வெளிர் நிறக் கல்லுக்குக் கறுப்பு ரப்பர் வேண்டாம், தடம் விழும். வெள்ளை ரப்பர் கேட்டு வாங்குங்கள்.

கச்சேரி மேடையில் மிருதங்கக்காரரைப் பார்த்திருப்பீர்கள். சுருதி சேர்க்கும்போது, தோலின் விளிம்புப் பின்னலின் மேல் சின்ன மரக்கட்டையை வைத்து, ஒரு கூழாங்கல்லால் தட்டுவார். இரும்பு அங்கே வருவதே இல்லை. கட்டையையும் கல்லையும் எத்தனை பலத்தோடு, எந்த இடத்தில் தட்டினால் தோல் எவ்வளவு இறுகும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஒரு வேலைக்கு ஒரு கருவி என்று நான் மாணவர்களுக்குச் சொன்னபோதெல்லாம் என் மனதில் இருந்தது அந்தக் காட்சிதான்.

இனி பிடியைப் பற்றி. நல்ல தலை வாங்கி, பிடியில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். சுத்தியல் தலையின் துளை நடுவில் ஒடுங்கி இரு வாயிலும் அகன்றிருக்கும். பிடியை நுழைத்து, மேல்முனையைப் பிளந்து ஆப்பு இறக்கினால், மரம் விரிந்து துளையின் அகன்ற வாயைக் கவ்விக்கொள்ளும். ஆப்பு தளர்ந்தால் தலை ஆடும். உடனே எல்லோரும் செய்வது, சுத்தியலை ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுவது. காலையில் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஊறிப் பருத்த மரத்துக்கு விரிய இடமில்லை, இரும்புக்குள் நசுங்குகிறது. காய்ந்ததும் முன்பு இருந்ததை விடச் சிறுத்துப்போகும். ஒவ்வொரு முறை ஊறப்போடும்போதும் இன்னும் தளரும். ஒருநாள் தலை கழன்று பறக்கும். யார் மேல் விழும் என்று யாருக்குத் தெரியும்? ஆப்பை மாற்றுங்கள். மரம் நைந்திருந்தால் பிடியையே மாற்றுங்கள். எண்ணெய் தடவுவதானால் ஆளிவிதை எண்ணெய் தடவலாம்.

தலையை இறுக்க எங்கள் அப்பா செய்த ஒரு முறை இப்போதும் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. சுத்தியலைத் தலைகீழாக, இரும்பு கீழே தொங்கும்படி இடது கையில் பிடித்துக்கொள்வார். மேலே நிற்கும் பிடியின் அடிமுனையைக் கொட்டாப்புளியால் டொக், டொக்கென்று தட்டுவார். கீழே எந்த ஆதாரமும் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிற இரும்புத் தலை, ஒவ்வொரு தட்டுக்கும் பிடியில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். கனத்த தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, லேசான பிடிதான் அடியோடு கீழே இறங்குகிறது. இதை வகுப்பில் செய்து காட்டாத வருடமே கிடையாது. பார்த்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

மரப்பிடி உடைந்தால் ஒரு ஜி.ஐ. குழாயைத் தலையோடு வெல்டிங் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். வெல்டிங் சூட்டில் தலையின் பதம் கெட்டுவிடும். அடியின் அதிர்வு முழுவதும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறங்கும். வெல்டிங் விட்டால் முன்னறிவிப்பே இல்லாமல் விடும். மரம் அப்படி இல்லை, முதலில் விரிசல் காட்டும்.

வீட்டுக்கு என்ன வாங்குவது என்று தெரிந்தவர்கள் கேட்கும்போது நான் சொல்வது இதுதான். ஆணி அடிக்கவும் பிடுங்கவும் 450 கிராம் அளவில் ஒரு கிளா சுத்தியல். படம் மாட்டும் சின்ன ஆணிக்கு நூறு, நூற்றைம்பது கிராமில் ஒன்று. கட்டில், மேசை பூட்ட ஒரு ரப்பர் சுத்தியல். இவ்வளவு போதும். வாங்கும்போது பிடியின் அடியைப் பிடித்து நான்கு முறை வீசிப் பாருங்கள். பிடியின் மரத்தில் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். குறுக்கே போனால் வேண்டாம். ஆணி பிடுங்கும்போது கொம்புக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால், பலமும் கூடும், பலகையும் நசுங்காது. ஆணித் தலை புதைந்திருந்தால் அதைக் கிளப்பவென்றே அடிவாங்கும் தலையோடு இரும்புக் கம்பி விற்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பையன் கையில் இருந்திருக்க வேண்டியது அதுதான்.

கட்டட மேஸ்திரிகளிடமும் பட்டறை வைத்திருப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் வேலைக்கு வருகிற பிள்ளை, நீங்கள் எதைக் கொடுக்கிறீர்களோ அதைக் கொண்டுதான் அடிப்பான். எதிர்த்துக் கேட்கிற வயதும் இல்லை, நிலையும் இல்லை. சரியான சுத்தியலோடு ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் கொடுங்கள். கண்ணில் ஏதோ பட்டது என்று அவன் சொன்னால், வலி இல்லாவிட்டாலும், கண்ணைக் கசக்க விடாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். இரும்பில் இரும்பு அடித்த வேலை என்று அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால்தான் உள்ளே துகள் இருக்கிறதா என்று அவர் தேடுவார். கருவிக் கடைக்காரர்கள் சுத்தியல் தொங்கும் கம்பிக்குப் பக்கத்திலேயே கண்ணாடியையும் தொங்கவிட்டால் நல்லது. அலமாரிக்குள் இருக்கிற பொருளை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

மேஸ்திரி மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். தம்பியின் கதையைச் சொன்னேன். உட்கார்ந்து முழுவதும் கேட்டார். இப்போது அந்த வேலையிடத்தில் ஆணி கிளப்பும் கம்பி ஒன்று இருக்கிறது. கண்ணாடி இன்னும் வரவில்லை. தினமும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் அப்பாவின் கொட்டாப்புளி உட்பட எட்டுச் சுத்தியல்கள் இருக்கின்றன. மயிலாடுதுறையைச் சுற்றி எந்தப் பள்ளியோ ஐ.டி.ஐ.யோ கூப்பிட்டாலும், சனிக்கிழமைகளில் அவற்றை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகள் கையில் கொடுத்து அடிக்கவைத்துக் காட்டத் தயாராக இருக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம். தம்பியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநர்,
மயிலாடுதுறை.